ஜே என்பது எழுத்தா, இடமா?

தமிழ்99 விசைப்பலகையில் ஹெச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளை வரிசையாகத் தட்டினால் "கபமத" என்று வரும். லினக்ஸ் டெர்மினலில் ஓடும் பெரும்பாலான கோப்பு மேலாளர்களில் அதே நான்கு விசைகள்தான் இடது, கீழே, மேலே, வலது. பிரச்சினை இவ்வளவுதான். நீங்கள் "கீழே போ" என்று நினைத்துத் தட்டுகிறீர்கள். நிரலுக்குப் போய்ச் சேருவது "ப". அதற்கு "ப" என்றால் என்னவென்றே தெரியாது. பேசாமல் நிற்கிறது. "கீபோர்டு ஷார்ட்கட் வேலை செய்யலை"ன்னு நாம் புலம்புகிறோம்.

(இந்தப் பதிவில் ஆங்கில எழுத்தே இருக்காது. கட்டளைகளையும் விசைப் பெயர்களையும்கூடத் தமிழிலேயே எழுதுகிறேன். இந்த விஷயத்தை எழுதும்போதாவது விசைப்பலகையை மாற்றாமல் எழுதிப் பார்ப்போமே என்றுதான்.)

"கோப்புக்கு இங்கிலீஷ்ல பேர் வெச்சுட்டுப் போயேன்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. சும்மா சொல்லிவிடலாம். என் படங்கள் எல்லாம் செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் எடுத்தவை: மாமல்லபுரம், சாளுவன்குப்பம், வயலூர், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம். கல்வெட்டு, தூண், டச்சுக் கோட்டைச் சுவர், கல்லறைக் கல் என்று பத்துப் பதினைந்து வருஷமாகச் சேர்ந்தது. இவற்றில் ஒரே ஒரு ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் செங்கல்பட்டு, செங்கல்பெட், சிங்கிள்புட் என்று மூன்று தலைமுறை எழுத்துக்கூட்டல் உண்டு. பழைய ஆவணத்தின் நகலுக்கு ஒன்று, ரயில்வே பலகையின் படத்துக்கு ஒன்று, மாவட்டம் பிரிந்த 2019-க்குப் பிந்தைய அரசு ஆவணத்துக்கு ஒன்று என்று கை போன போக்கில் பெயர் வைத்தால், ஐந்து வருஷம் கழித்துத் தேடும்போது பாதிதான் கிடைக்கும். திருக்கழுக்குன்றத்தின் ழகரத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தமிழிலும் செங்கல்பட்டு, செங்கற்பட்டு என்று இரண்டு உண்டுதான். ஆனாலும் இரண்டு என்பது ஏழெட்டைவிடச் சின்ன எண்.

ஆக, தமிழில் பெயர் வைப்பது மொழிப்பற்று சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தேடினால் கிடைக்கவேண்டும் என்கிற விஷயம். ஒருமுறை தமிழில் வைத்துவிட்டால் தேடுவதும் தமிழில்தான். தேடுகிற அந்த நொடியில் விசைப்பலகை தமிழில் இருக்கவேண்டும். கிடைத்த கோப்பை நகர்த்துகிற அடுத்த நொடியில் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். மாற்ற மறந்தால் என்ன நடக்கும்? ரேஞ்சர் என்ற பிரபலமான கோப்பு மேலாளரை வைத்தே பார்ப்போம்.

தமிழில் இருக்கவேண்டியது ஆங்கிலத்தில் இருந்துவிட்டது என்று வையுங்கள். தேடல் வரி திறந்திருக்கிறது என்ற நினைப்பில் "கடல்" என்று அடிக்கிறீர்கள். விரல் தட்டியது ஹெச், ஓ, என், எஃப். ரேஞ்சர் முதலில் ஒரு அடைவு மேலே போகும். பிறகு ஓ-என் என்ற இணையைக் கேட்டு இயல்பு வரிசைக்கு மாறும். பிறகு கோப்பு தேடும் வரியைத் திறந்துகொண்டு காத்திருக்கும். "தமிழ்" என்று அடித்தால் இன்னும் விசேஷம். எல் தட்டியதும் வெளிச்சம் நிற்கும் அடைவுக்குள் நுழையும், அங்கே கோப்பு இருந்தால் அதைத் திறந்தே விடும். கே ஒரு வரி மேலே. எஸ் தட்டியதும் ஷெல் கட்டளைக்கான வரி திறக்கும். ழ் என்பதற்காகத் தட்டிய சாய்கோடும் எஃப்-உம் அந்தக் கட்டளை வரியில் போய் உட்காரும். எண்டர் தட்டாமல் இருந்தால் பிழைத்தோம்.

மறுபக்கம், ஆங்கிலத்தில் இருக்கவேண்டியது தமிழில் இருந்தால் சேதம் இல்லை, எரிச்சல்தான். நகலெடுக்க ஒய்-ஒய் தட்டினால் ளகரம் இரண்டு. ஒட்டுவதற்கு பி-பி தட்டினால் ணகரம் இரண்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைப்பது தமிழ்99-இன் அருமையான வசதி. கட்டுரை எழுதும்போது கை வணங்குவேன். அது இங்கே வந்து "ள்ள" என்றும் "ண்ண" என்றும் நிற்கிறது. சரி, தேடலாம் என்று சாய்கோட்டைத் தட்டினால் அந்த விசையில் இருப்பது ழகரம். தமிழில் தேடுவதற்குத் தமிழை அணைத்துவிட்டு வா என்கிறது நிரல்.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள டெர்மினல் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். சாதாரண ஜன்னல் நிரலுக்கு "இந்த விசை அழுத்தப்பட்டது" என்று செய்தி போகும். எந்த இடத்து விசை, எந்த எழுத்து என்று இரண்டு தகவலும் அதில் இருக்கும். டெர்மினலுக்குள் ஓடும் நிரலுக்கு விசை என்ற ஒன்றே தெரியாது. அதற்குப் போவது பைட்டுகள் மட்டும். ஆங்கில ஜே என்றால் 106 என்ற ஒரு பைட். அதே விசையைத் தமிழில் தட்டினால் 224, 174, 170 என்று மூன்று பைட். யூடிஎஃப்-8-இல் பகரம் அப்படித்தான். தட்டிய விசை எங்கே இருந்தது என்ற தகவல் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை முக்கியம். ஹெச்-ஜே-கே-எல் என்பது எங்கிருந்து வந்தது? 1976 வாக்கில் பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில் தனி அம்பு விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அதாவது ஜே என்ற எழுத்துக்கும் கீழே போவதற்கும் எந்த உறவும் இல்லை. வலது கையின் ஆள்காட்டி விரல் ஓய்வாக இருக்கும் இடம் அது, அந்த இடத்தில் கீழ் அம்பு போட்டிருந்தார்கள், அவ்வளவே. அது ஓர் இடம். எழுத்து தற்செயல்.

ஆனால் அழிக்க டி, நகலெடுக்க ஒய், ஒட்ட பி என்பவை வேறு ஜாதி. அவை ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். நினைவில் நிற்பதற்காக வைத்தவை. இடத்தால் வந்ததும் எழுத்தால் வந்ததும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. ரேஞ்சர், என்என்என், எல்எஃப், யாஸி என்று அடுத்தடுத்து வந்த கோப்பு மேலாளர்கள் அந்தப் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டன. இதுதான் என் முக்கியமான குறை. இடத்தைக் குறிக்கும் குறுக்குவிசையை எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் அடிக்கிறவருக்கு இடமும் எழுத்தும் ஒன்றே என்பதால் வித்தியாசம் தெரிவதே இல்லை. நமக்கும், ரஷ்யருக்கும், கிரேக்கருக்கும் தினமும் தெரிகிறது.

டெர்மினல் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. க்னோம் டெர்மினலில் தமிழ் விசைப்பலகையை வைத்துக்கொண்டே கன்ட்ரோல்-சி அடித்துப் பாருங்கள். ஆங்கில விசைப்பலகையும் பட்டியலில் இருந்தால், ஓடுகிற கட்டளை நின்றுவிடும். அந்த விசையில் ஒகரம்தான் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது. கன்ட்ரோலோடு லத்தீன் அல்லாத எழுத்து வந்தால், நிறுவியுள்ள மற்ற விசைப்பலகைகளில் அதே விசைக்கு என்ன எழுத்து என்று தேடிப் பார்த்து அனுப்புகிற நிரல்வரிகளை அதற்கென்றே எழுதியிருக்கிறார்கள். கன்ட்ரோலோடு வருவது கட்டளை என்று தெரிவதால் அது சாத்தியமாகிறது. வெறும் "ப" வந்தால் அது கட்டளையா, எழுதுகிற சொல்லா என்று டெர்மினலுக்கு எப்படித் தெரியும்? அதை அறிந்த ஒரே ஆள் கோப்பு மேலாளர்தான். அதற்கோ விசையின் இடம் தெரியாது. தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குத் தெரியாது. தாலுகா ஆபீஸ் மாதிரி.

குறுக்குவிசை வேலை செய்யாதபோது எங்கே மாட்டுகிறது என்று கண்டுபிடிக்க, ஷோகீ என்ற சின்னக் கட்டளையை ஏ தெரிவோடு ஓட்டுங்கள். தட்டுகிற ஒவ்வொரு விசைக்கும் வந்த பைட்டுகளை எண்ணாகக் காட்டும். கன்ட்ரோல்-டி தட்டினால் வெளியே வரலாம். 106 வந்தால் டெர்மினல்வரை பழுதில்லை, நிரலின் அமைப்பைப் பாருங்கள். 224-இல் தொடங்கி மூன்று எண் வந்தால் விசைப்பலகை தமிழில் இருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் உங்களுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த "யாரோ" பெரும்பாலும் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ். லினக்ஸில் தமிழ்99-ஐ இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று, எக்ஸ்கேபி வழியாக நேரடி விசைப்பலகையாக. தட்டியதும் எழுத்து போய்விடும், தானியங்கிப் புள்ளி கிடைக்காது. இன்னொன்று, ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவி வழியாக. தானியங்கிப் புள்ளி கிடைக்கும், ஆனால் அடுத்த எழுத்து என்னவென்று பார்ப்பதற்காக முந்தைய எழுத்தைக் கையிலேயே வைத்திருக்கும். கோப்புப் பட்டியலில் நின்றுகொண்டு ஒரு விசையைத் தட்டினால் அது அடிக்கோடிட்ட எழுத்தாகத் திரையில் தொங்கும். நிரலுக்குச் செய்தியே போகாது. வேலை செய்யவில்லையே என்று நாலு முறை தட்டினால் நாலும் சேர்ந்து பிறகு போகும். இரண்டு வகைக்கும் அறிகுறி ஒன்றுபோலவே தெரியும், வைத்தியம் வேறு. அதனால்தான் முதலில் ஷோகீ.

நிரல்களை ஒப்பிட்டால் என் தீர்ப்பு கொஞ்சம் கிழட்டுத்தனமாகத் தெரியலாம். என்என்என் அழகான, மெலிந்த நிரல். ஆனால் அதற்குக் கட்டமைப்புக் கோப்பே கிடையாது. குறுக்குவிசைகள் மூலநிரலின் தலைப்புக் கோப்பில் இருக்கின்றன. மாற்றவேண்டுமா, திருத்தி மறுபடி கம்பைல் பண்ணு என்பது அதன் தத்துவம். அந்த எளிமையை நான் மதிக்கிறேன், ஆனால் நமக்கு உதவாது. எல்எஃப்-இலும் யாஸியிலும் கட்டமைப்புக் கோப்பில் தமிழ் எழுத்தையே எழுதி வேலையோடு இணைக்கலாம்: ப என்றால் கீழே, ம என்றால் மேலே. அரை மணி நேர வேலை. தமிழ்99 மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இது போதும். இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகைக்காரருக்கு அதே நான்கு விசைகள் "பரகத". அங்கே ப என்றால் இடதுபக்கம்! எழுத்தை வைத்து இணைக்கிற எந்த வைத்தியமும் விசைப்பலகைக்கு ஒன்றாகத் தனித்தனி மருந்து கேட்கும். விம் எடிட்டரில் லாங்மேப் என்றொரு அமைப்பு இருக்கிறது. இந்த எழுத்து வந்தால் அந்த எழுத்தாக எடுத்துக்கொள், ஆனால் உரை எழுதும்போது தலையிடாதே என்று ஒரே வரியில் சொல்லலாம். அதன் உதவிப் பக்கத்தில் கிரேக்க உதாரணமே இருக்கிறது. விம்மின் விசைகளைக் கடன் வாங்கிய கோப்பு மேலாளர்கள் இதையும் கடன் வாங்கியிருக்கலாம்.

கடைசியில் எனக்குத் தமிழோடு சண்டை போடாமல் ஓடுவது மிட்நைட் கமாண்டர். மிகுவேல் டி இகாசா 1994-இல் தொடங்கியது. அதன் முன்மாதிரியான நார்ட்டன் கமாண்டர் 1986-இல் டாஸ் காலத்தில் வந்தது. இளைஞர்கள் அந்த நீலத்திரையைப் பார்த்தாலே சிரிப்பார்கள். ஆனால் அதன் கட்டளைகள் எஃப்5 நகல், எஃப்6 நகர்த்து, எஃப்7 புது அடைவு, எஃப்8 அழி, எஃப்10 வெளியேறு. நகர்வதற்கு அம்பு விசைகள், குறியிட இன்சர்ட். இவற்றில் எதிலும் மொழி இல்லை. விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டுவிட்டு, கன்ட்ரோல்-எஸ் தட்டி "வயலூர்" என்று அடித்தால் அந்த அடைவில் போய் நிற்கும், அங்கிருந்து எஃப்5. மொழி மாற்றுகிற விசையைத் தொடவே வேண்டாம். வழி தவறித் தமிழ் அடித்தாலும் அது கீழே உள்ள கட்டளை வரியில் போய் உட்காருமே தவிர கோப்பைத் திறந்து வைக்காது.

குறை இல்லாமல் இல்லை. க்னோம் டெர்மினல் எஃப்10-ஐ மெனு திறக்கவும் எஃப்1-ஐ உதவிக்கும் எடுத்துக்கொள்கிறது; எஃப்10-ஐ விடுவிக்க விருப்பங்களில் ஒரு பெட்டியில் டிக்கை எடுக்கவேண்டும். மடிக்கணினிகளில் எஃப் வரிசை ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டது. அதற்கு மிட்நைட் கமாண்டரே மாற்று வைத்திருக்கிறது: எஸ்கேப் தட்டிவிட்டு 5 தட்டினால் எஃப்5, எஸ்கேப் தட்டிவிட்டு 0 தட்டினால் எஃப்10. தமிழ் எண்கள் கொண்ட தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்த பற்றாளர்களுக்கு மட்டும் இது பலிக்காது. அங்கே 5-க்குப் பதில் ௫ போகும். தமிழ்ப் பெயர்களில் பத்தி கோணலாகத் தெரிவதும் உண்டு. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

ஜன்னல் நிரல்களில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. க்னோமின் தமிழ் மெனுவில் "கோப்பு" என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எஃப்-ஐப் போட்டு அடிக்கோடு இட்டிருப்பார்கள். சீன, ஜப்பானிய மெனுக்களிலும் இதே வழக்கம். சொல் தமிழுக்கு வந்துவிட்டது, விசை வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இருந்த கருவிக்குள் நேர்மையாகச் செய்த வேலை அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99-உம் அப்படித்தான்: உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில், எதை எந்த விசையில் வைத்தால் கை ஓடும் என்று யோசித்தது. எழுதுகிற கைக்கு அது போதும். கட்டளை கொடுக்கிற கையைப் பற்றிக் கருவி செய்கிறவர்கள்தான் யோசித்திருக்கவேண்டும்.

சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே வடமொழி வாசகத்தை ஒரு பக்கம் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ப்பக்கம் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் கல்லில் இரண்டு முறை வெட்ட ஆள் இருந்தது. நாம் ஒரு விசைக்கு இரண்டு தகவல் அனுப்ப ஐம்பது வருஷம் யோசித்திருக்கிறோம்.

அந்த இரண்டு தகவலையும் அனுப்புகிற ஏற்பாடு இப்போது இருக்கிறது. கிட்டி என்ற டெர்மினலை எழுதிய கோவித் கோயல் (மின்னூல் வாசகர்களுக்குக் காலிபர் வழியாகத் தெரிந்தவர்) வகுத்த விசைப்பலகை நெறிமுறை அது. நிரல் கேட்டுக்கொண்டால், டெர்மினல் வெறும் எழுத்துக்குப் பதில் விரிவான செய்தி அனுப்பும்: வந்த எழுத்து ப, வழக்கமான ஆங்கில விசைப்பலகையில் அந்த இடத்தில் இருப்பது ஜே. ஆங்கிலம் அல்லாத விசைப்பலகைகளில் குறுக்குவிசை ஓடவேண்டும் என்பதற்காகவே இந்தப் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆவணத்தில் உதாரணம் சிரில்லிக் எழுத்து. ஃபுட் போன்ற வேறு டெர்மினல்களும் இந்த நெறிமுறையை ஏற்றுள்ளன. கோப்பு மேலாளர் செய்யவேண்டியது சின்ன வேலை. பட்டியலில் நிற்கும்போது இடத்தைப் பார், தேடல் வரியில் நிற்கும்போது எழுத்தைப் பார். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ரஷ்யன் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து.

டெர்மினல் தயார், நெறிமுறை தயார். பாக்கி நிற்பது நிரல்கள்தான். நெறிமுறையைப் பேசுகிற நிரல்களும் பெரும்பாலும் அதைக் கன்ட்ரோல்-ஐ வேறு, டேப் வேறு என்று பிரிப்பதற்குத்தான் பயன்படுத்துகின்றன (பழைய முறையில் இரண்டுக்கும் ஒரே எண், 9). எல்லா விசைகளையும் விரிவாக அனுப்பு என்று கேட்டால்தான் வெறும் எழுத்துக்கும் இடம் தெரியும். அதைக் கேட்கச் சோம்பல். இன்னொன்று, ஐபஸ் நடுவில் உட்கார்ந்து விசையை விழுங்கிவிட்டால் எந்த நெறிமுறையும் காப்பாற்றாது. அங்கே எக்ஸ்கேபி வழித் தமிழ்99 வேண்டும், தானியங்கிப் புள்ளியை இழக்கவேண்டும். கோப்புப் பெயர் அளவுக்கு அந்த இழப்பு தாங்கும். கட்டுரைக்குத் தாங்காது.

அதுவரை என் கணினியில் உள்ள ஏற்பாடு இது. கட்டுரை எழுதும் ஜன்னலில் ஐபஸ். டெர்மினலில் எக்ஸ்கேபி தமிழ்99. படங்களை அடுக்க மிட்நைட் கமாண்டர், எஃப்10 க்னோமிடமிருந்து மீட்கப்பட்டது. வேகமாக மேய எல்எஃப், அதன் கட்டமைப்புக் கோப்பில் கபமத உட்பட இருபது வரி தமிழில். யாராவது தமிழ்99-க்கு இதே வரிகள் வேண்டும் என்றால் கேளுங்கள், தருகிறேன். இன்ஸ்கிரிப்டுக்கு யாராவது எழுதினால் எனக்கும் அனுப்புங்கள்.